துணைக்கு ஒரு ஆள்

விரல் முதலில் காலையில் மட்டும்தான் மக்கர் செய்தது. வலது கை மோதிர விரல். தூங்கி எழுந்தால் உள்ளங்கையோடு மடங்கிக் கிடக்கும். மற்ற விரல்கள் நிமிரும், அது நிமிராது. இடது கையால் பிடித்து இழுத்தால் சொடக்கு விழுந்த மாதிரி ஒரு சத்தத்தோடு விடுபடும். அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

"என்ன, பூட்டு தொறந்தாச்சா?" என்பாள்.

"தொறந்தாச்சு."

அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. உழைக்கிற கையில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டுதான் இருக்கும் என்று இருவருமே நினைத்தார்கள்.

அவனுக்கு நீராவி என்று பெயர் வைத்தது எதிர்க்கடை சாவிக்காரர். தேய்ப்புக் கடை ஒரு மேசையின் அகலம்தான். மேசைமேல் பழைய கம்பளி, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியெங்கும் பழுப்புத் தழும்புகள். தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி எழும்பி அவன் முகத்தை மறைக்கும். தெருவில் நின்று பார்த்தால் ஆவிதான் வேலை செய்வது போலிருக்கும். அவன் கையைப் பார்த்துத் தேய்க்கிறவன் இல்லை. இடது கை துணியை நீவிக்கொண்டே முன்னால் போகும், வலது கையில் பெட்டி பின்னாலேயே வரும். இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம். கண் மட்டும் மடிப்பு முடிகிற இடத்தில் இருக்கும். பெட்டி எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதை நீவுகிற விரல்களே சூட்டை வைத்துச் சொல்லிவிடும். அந்தத் தொழிலில் அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சுட்டுச் சுட்டு வருவது.

ஒரு நாள் விரல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே பூட்டிக்கொண்டது. அடியில் யாருடைய விலை உயர்ந்த கால்சட்டையோ. பெட்டியைத் தூக்கியிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் கையை உதறத்தான் தோன்றியது. உதறின வேகத்தில் பெட்டி இன்னும் அழுந்தியது. சாவிக்காரர் ஓடிவந்து விரலை நெம்பி எடுத்தார்.

"ஏன்டா நீராவி, சாவி போட்டுத் தொறக்குற மாதிரி ஆயிப்போச்சே உன் கை. எண்ணெய் விடவா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. கால்சட்டை போச்சு."

"கால்சட்டை போகட்டும். டாக்டர்கிட்ட போ."

போனான். மருத்துவர் உள்ளங்கையை அழுத்தினார். உள்ளே ஒரு பட்டாணி அளவுக்கு ஏதோ உருண்டது.

"விரல மடக்குற நாண் ஒரு வளையத்துக்குள்ள ஓடுது. அந்த வளையம் இறுகிடுச்சு. ஊசி ஒண்ணு போட்டுப் பாப்போம். கேக்கலைன்னா வெட்டி விட்டுடலாம்."

"விரலையா?"

"வளையத்தங்க."

ஊசி கேட்கவில்லை. இரண்டாவது முறை போனபோது நாள் குறித்துவிட்டார்.

"எத்தனை நாள் படுக்கணும் டாக்டர்?"

"படுக்கவே வேணாம். காலைல வாங்க, மத்தியானம் போயிடலாம். கை மட்டும் மரத்துப் போகும். சின்ன வேலை."

வெளியே பணம் கட்டுகிற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். அவள் சொன்ன தொகை கடையின் இரண்டு மாத வாடகை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து விளக்கினாள்.

"கத்தி வைக்கிறதுக்கு மட்டும் இல்லீங்க. அறை, ஊசி, மருந்து, கட்டு மாத்துறது, தையல் பிரிக்கிறது எல்லாம் இதுல அடக்கம். அப்புறம் தனியா கேக்க மாட்டோம்."

"வேற எதாவது?"

"துணைக்கு ஒரு ஆள் வரணும். அன்னிக்குப் பூரா உங்க கூடவே இருக்கணும்."

"அதுக்கு எவ்வளவு?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குக் காசு இல்லீங்க."

புதுப் பெட்டி வாங்க வைத்திருந்த பணம் இருந்தது. அது ஒரு மாத வாடகைக்குச் சமம். மீதிக்கு மனைவியின் வளையல் போனது. அவள் சோப்புக் கட்டிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் கையில் அந்த வாசனை போகாது. சாப்பாட்டிலும் வரும். அந்தக் கூடத்தில் மாதம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்களுக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. ஒரு நாள் தவறினால் மொத்தமும் இல்லை.

"மாசக் கடைசியில நாள் குடுத்திருக்காங்க. நீ கூட வரணுமாம்," என்றான்.

"மாசக் கடைசியா? வேற நாளே கெடைக்கலியா அவங்களுக்கு?"

"கேட்டேன். இத விட்டா அடுத்த மாசம் பாதிக்கு மேலதான். அதுக்குள்ள கல்யாண மண்டபத்து ஆர்டர் வந்துடும். கை வேணும்ல?"

"இந்த மாசம் காய்ச்சலோட கூடப் போயிருக்கேன். இன்னும் ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டா அட்டெண்டன்ஸ் காசு கைக்கு வந்துடும். மருந்து மாத்திரைக்கு அதத்தான் நெனச்சு வச்சிருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க."

"கூட ஒருத்தர் இருக்கணும்னு சொன்னாங்க. நானா சொல்றேன்?"

"சின்ன வேலைன்னு அவங்களே சொல்றாங்க. நான் வந்து வாசல்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்? நீங்க என்ன பிரசவத்துக்கா போறீங்க?"

அவனும் சிரித்தான். பிறகு அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றான்.

"நீ வந்தா நல்லாருக்கும்," என்றான்.

குழாய் திறந்திருந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட அந்தச் சத்தம் போதும். அவள் இருந்துவிட்டாள்.

குறித்த நாளில் அவன் தனியாகப் போனான். மருத்துவமனையில் அவனுக்கு முன்னால் இருந்த ஆளிடம் நர்ஸ் கேட்டாள். கூட யாரும் வரவில்லை என்றதும் வேறு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த ஆள் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. அடுத்து இவன்.

"கூட யாரு வந்திருக்கா?"

"வீட்டுக்காரி."

"எங்க?"

வெளியே பெஞ்சில் ஒரு பெண் மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தட்ட தன் மனைவியின் வயது. வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை.

"அதோ, குடை வச்சிருக்காங்களே."

நர்ஸ் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

உள்ளங்கையில் போட்ட ஊசி உயிர் போகிற மாதிரி இருந்தது. பிறகு கை அவனுடையது இல்லாமல் போய்விட்டது. நடுவே பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ எதையோ இழுப்பது தெரிந்தது. வலி இல்லை.

"மடக்குங்க," என்றார் மருத்துவர். "இப்ப நிமிர்த்துங்க."

நிமிர்ந்தது. சத்தமே இல்லாமல், மற்ற விரல்களைப் போல. துணிக்கு மேலாகத் தூக்கிக் காட்டினார்கள். அவன் மூன்று தடவை மடக்கி நீட்டிப் பார்த்தான். கண் கலங்கியது. அசட்டுத்தனமாக இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளங்கையில் மட்டும் கட்டு. விரல் நுனிகள் வெளியே இருந்தன. நர்ஸ் கடகடவென்று சொன்னாள்.

"விரல சும்மா வைக்காதீங்க, மடக்கி நீட்டிக்கிட்டே இருங்க. இல்லேன்னா வெறைச்சுப் போயிடும். இந்தக் கையால வெயிட் தூக்கக் கூடாது. கட்டு நனையக் கூடாது. மத்தத வீட்டம்மாகிட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு நேரே பெஞ்சுக்குப் போனாள். கதவுக் கண்ணாடி வழியே அவன் பார்த்தான். நர்ஸ் தன் கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். குடைக்காரப் பெண் அக்கறையாகக் கேட்டுத் தலையாட்டினாள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நர்ஸ் திரும்புவதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிட்டான்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை. கடைப் பக்கம் போனான். பூட்டிய கடை வாசலில் ஒரு மூட்டை கிடந்தது.

"மண்டபத்து வேன்காரன் போட்டுட்டுப் போனான்," என்றார் சாவிக்காரர். "சாயங்காலம் எடுக்க வருவானாம்."

"அடுத்த வாரம்னுதானே சொன்னான்?"

"விருந்து முன்னாடியே வந்துருச்சாம். நான் என்ன பண்ணட்டும்? அது கெடக்கட்டும், கை எப்படி இருக்கு?"

அவன் விரலை மடக்கி நீட்டிக் காட்டினான்.

"அட! வலிக்குதா?"

"சுத்தமா இல்லண்ணே."

"குடுத்த காசுக்குக் கைமேல பலன். போய்ப் படு."

அவன் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பரிமாறுகிற ஆட்களின் வெள்ளைச் சட்டைகள். ஒரு தடவை திருப்பி அனுப்பினால் அந்த வேன் இனி இந்தத் தெருவுக்கு வராது. பெரிய சலவை நிலையம் ஒன்று அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. வலியும் இல்லை. விரலை ஆட்டத்தான் சொல்லியிருந்தார்கள். ஷட்டரை இடது கையால் தூக்கினான்.

சொன்னது எதையும் அவன் மீறவில்லை என்பதுதான் கொடுமை. வெயிட் தூக்கக் கூடாது என்றதால் பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். நீவுகிற வேலை வலது கைக்குப் போனது. விரல் ஆடிக்கொண்டிருக்க அது நல்லதுதானே. கட்டு நனையக் கூடாது என்றதால் தண்ணீர் தெளிக்கவில்லை. தெளிக்காத துணியில் மடிப்பு நிற்காது, அதனால் பெட்டியின் சூட்டைக் கடைசி வரை கூட்டி வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

சட்டைகள் அடுக்கில் ஏறின. இடது கை கொஞ்சம் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. கண் வழக்கம்போல மடிப்பின் கடைசியில். மரத்த விரல்கள் முன்னால் போயின. பெட்டி பின்னால் வந்தது.

கருகிய வாடை வந்தது. சட்டை போச்சு என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான், முதுகைப் பார்த்தான். கறை இல்லை. கம்பளியைத் தடவினான். அதுவும் இல்லை. கழுத்துப் பட்டையில் மட்டும் ஏதோ மெல்லிசாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான். அது துணி இல்லை.

அப்போதுதான் கையைப் பார்த்தான். மோதிர விரலும் நடுவிரலும். அப்போதும் வலி இல்லை.

சாவிக்காரர்தான் வண்டியில் அழைத்துப்போனார். அவர் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது! வீட்டம்மாகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே. மரத்த கைக்குச் சூடு தெரியாது, ராத்திரி வரைக்கும் அடுப்பு, வெந்நீர் பக்கம் விடாதீங்கன்னு. எங்க அவங்க?"

அவன் கையை மட்டும் நீட்டினான்.

மனைவி வேலை முடிந்து வரும்போது மருந்தின் வேலை தீரத் தொடங்கியிருந்தது. முன்பு இருந்ததைவிடப் பெரிய கட்டு. அவன் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்ன நடந்தது என்பதை வாசலிலேயே சாவிக்காரர் சொல்லியிருந்தார். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் தோளில் நெற்றியை முட்டி முட்டி எடுத்தான்.

அந்த மாதம் அட்டெண்டன்ஸ் காசு வந்தது. தீப்புண் களிம்பு ஒரு குழாய்தான் அதில் வாங்க முடிந்தது.

நாலாம் நாள் அவனுடைய அக்கா வந்தாள். கையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"கத்தி வைக்கிற எடத்துக்குப் புருஷன தனியா அனுப்பிட்டு சோப்பு அடுக்கப் போயிருக்கா. அந்தக் காச வச்சு மாளிகை கட்டப் போறாளாக்கும்."

"அக்கா, சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து உக்காந்திருக்க மாட்டேனா? ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள்."

"அவ வரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணாம்னு தடுத்தேன்."

"நீ தடுத்தியா?"

"ஆமா. லீவு போட்டுட்டு வந்து நின்னா. வேலைக்குப் போடின்னு நாந்தான் வெரட்டினேன்."

உள்ளே அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அக்கா திட்டியது சுடவில்லை. அது வரும் என்று அவளுக்குத் தெரியும், நாலு நாளாகத் தானே தன்னைத் திட்டிக்கொண்டிருந்ததும் அதுதான். அவன் சொன்ன இந்தப் பொய்யை எங்கே கொண்டு வைப்பது என்றுதான் தெரியவில்லை. வெளியே வந்து நான் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுபடியும் பிசைந்தாள்.

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவன் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. அவள் அழுதாள் என்றுகூட ஒரு தடவை சொன்னான்.

தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது முதலில் கட்டிய தொகையில் அடங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போக வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் அவள் கூடப் போனாள். முதல் வாரமே சோப்புக் கூடத்து மேஸ்திரி இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கட்டு மாற்றும் அறை மாடியில். உள்ளேயிருந்து அவன் கத்துவது மாடிப்படி வரை கேட்கும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குடையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

"உள்ள யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமாங்க. கையில சுட்டுக்கிட்டாரு."

"ஐயோ பாவம். எங்க வீட்டுக்காரருக்குக் கால் நகம். உள்ள வளந்துடுச்சுன்னு புடுங்கினாங்க. இன்னும் ஆறல. இங்க ஒரு நர்ஸ் இருக்கு பாருங்க, அதுக்கு நட்டு கழண்டிருக்கு."

"ஏன்?"

"கால்ல நகத்தப் புடுங்கிட்டு என்கிட்ட வந்து கை, கைங்குது. கை மரத்துக் கெடக்கு, சூடு தெரியாது, பக்கத்துலயே இருங்க, ராத்திரி வரைக்கும் எதையும் தொட விடாதீங்கன்னு. நான் என்னத்தக் கண்டேன்? பெரிய எடத்துல சொல்றாங்கன்னு அன்னிக்குப் பூரா அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். காப்பிய ஆத்திக் குடுத்தேன். சோத்த ஊட்டி விட்டேன். கால் நகத்துக்கு எதுக்குடி ஊட்டுறேன்னு அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே தின்னாரு."

அவளும் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"அது எந்த நாளுங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சொன்னாள். போன மாதக் கடைசி. அந்த நாள்தான்.

உள்ளே அவன் கத்தினான். குடைக்காரப் பெண் "உச்" கொட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் எடுக்கவில்லை.

கட்டுகள் ஓய்ந்த பிறகு மருத்துவர் விரல்களை வளைத்துப் பார்த்தார். இரண்டும் பளபளவென்று, இறுகிய தோலோடு நீட்டியபடி நின்றன. முன்பு மடங்கினால் நிமிராது. இப்போது நிமிர்ந்தது மடங்கவில்லை. உள்ளங்கையில் செய்த வேலை சுத்தமாக ஆறியிருந்தது, அதில் குறை ஒன்றுமில்லை என்றார். கனமான பெட்டியை இந்தக் கையால் நாள் முழுக்கப் பிடிக்க முடியுமா என்று அவள் கேட்டாள். அவர் பயிற்சி செய்யச் சொன்னார். பிறகு, "முன்ன மாதிரி எதிர்பாக்காதீங்க," என்றார்.

கடையை விட முடியாது. விட்டால் வேறு எதுவும் இல்லை. மண்டபத்து வேன் வருவதில்லை. தெருக்காரர்களின் துணி கொஞ்சம் வந்தது. அவள் பெட்டியைப் பிடித்தாள். அவன் எதிர்ப்பக்கம் நின்று துணியை விரித்துக் கொடுத்தான். அவளுக்கு வேலை ஓடவில்லை. சட்டைக் கையில் இரட்டை மடிப்பு விழுந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் தெருவில் யாரும் இல்லை. எதிர்க்கடையும் சாத்தியிருந்தது.

"யாரோ ஒரு பொம்பளைய உங்க பொண்டாட்டின்னு காட்டியிருக்கீங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"ஆள் இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அதான்."

"அந்தம்மா நர்ஸ் சொன்னபடியே செஞ்சிருக்காங்க. சோறு ஊட்டி விட்டிருக்காங்க அவங்க வீட்டுக்காரருக்கு."

"யாருக்கோ நல்லதா முடிஞ்சிருக்கு."

"சிரிக்காதீங்க."

அவன் சட்டையை உதறி விரித்தான்.

"அண்ணிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நான் வரேன்னு சொன்னேன், நீங்க தடுத்தீங்கன்னு."

"விடு. அக்கா வாய் உனக்குத் தெரியாதா?"

"சாவிக்காரர்கிட்டயும் அதத்தான் சொன்னீங்க. தெருவுல எல்லாரும் என்னப் பாத்துப் பாவம்கிறாங்க. எனக்கு எரியுதுங்க. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்."

"உன்னத் திட்டி இனிமே என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் சொல்லுங்க. இங்க யாரும் இல்ல. நீங்க மனசுல வச்சிருக்கறது எனக்குத் தெரியும். ராத்திரி திரும்பிப் படுக்கறீங்களே, அப்பவே தெரியும்."

மழை ஷட்டரில் அடித்தது. அவன் சட்டையின் கழுத்துப் பட்டையை இடது கையால் நீவினான். வெகுநேரம் அதையே நீவினான்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன்," என்றான்.

"கேட்டீங்க."

"ரெண்டாவது தடவ உனக்குக் கேக்கலன்னு நெனச்சேன்."

"கேட்டுச்சு."

அவன் தலையாட்டினான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

"நீ வந்திருக்கணும்."

"ஆமா."

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். குறையவில்லை. அது வெளியே வந்து மேசையின் குறுக்கே இருவருக்கும் நடுவில் கிடந்தது, அவ்வளவுதான்.

அவள் பெட்டியை எடுத்தாள். அவன் சட்டையின் மறு நுனியை இடது கையால் இழுத்துப் பிடித்தான். பெட்டி தோள் மடிப்பைத் தாண்டி அவன் பக்கம் நகர்ந்தது. இன்னும் ஒரு முழம் இருக்கும்போதே அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். துணி தளர்ந்து சுருக்கம் விழுந்தது.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் நீவிச் சரிசெய்து, மறுபடியும் தேய்த்தாள்.